பதிவு மை

சந்தனக் கிண்ணத்தில் மையைக் கலக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்த விஷயம், கையால் கலக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அன்று ஆகஸ்ட் பதினைந்து. ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் எங்கள் இராயபுரம் காப்பகத்தில் சமபந்தி விருந்து நடக்கும். பெரிய மனிதர் ஒருவர் வந்து, வீடில்லாத ஜனங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார். போன வருடம் வந்தவர் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு, சர்க்கரை வியாதி என்று எழுந்துவிட்டார். இந்த வருடம் சித்தரஞ்சன் வருகிறார் என்று கடிதம் வந்தபோது அதை மூன்று முறை படித்தேன். 'தூய காட்சி'யை உருவாக்கிய சித்தரஞ்சன். என் தங்கை எமிலியைக் கொன்ற சித்தரஞ்சன்.

கொன்றார் என்று நான் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் எமிலியைப் பார்த்ததே இல்லை. யாருமே பார்க்கக் கூடாது என்றுதானே அந்த ஏற்பாட்டையே செய்தார்.

அது இன்னும் வந்து சேராத ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நகரத்தில் வேலை என்று ஒன்று உள்ள எல்லோர் கண்ணிலும் லென்ஸ் இருக்கிறது. கண்புரைக்கு வைப்பது போல உள்ளே வைத்துவிடுவார்கள். காதுக்குள் அரிசி அளவுக்கு ஒரு கருவி. அதுதான் போன், அதுதான் வீட்டுச் சாவி, அதுதான் பஸ் டிக்கெட். எதிரே வருபவரின் பெயரைக்கூட அதுவே சொல்லிவிடும்.

காப்பகத்தில் சேருகிறவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு சொட்டு மை வைப்போம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முக்கால் மணி நேரத்தில் தோலுக்குள் இறங்கிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. இவர் வீடில்லாதவர் என்று லென்ஸுக்கும் கேமராவுக்கும் அது சொல்லும். மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் தேடி வரவேண்டும், சாப்பாட்டு வண்டி ஆளைத் தவறவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். பிறகு தூய காட்சி வந்தது. மை உள்ளவர்களை லென்ஸ் காட்டாது. அவர்கள் குரலைக் காதுக் கருவி உள்ளே விடாது. எதிரில் ஒருத்தி நின்றால் வெறும் பிளாட்பாரம்தான் தெரியும். பள்ளத்தைச் சுற்றிப் போகச் சொல்வது போல ஒரு சின்ன அம்பு வரும், ஒதுங்கிப் போய்விடுவார்கள். எதற்காக ஒதுங்கினோம் என்றுகூட யோசிக்க மாட்டார்கள்.

எனக்கு லென்ஸ் கிடையாது. காப்பகப் பொறுப்பாளருக்கு லென்ஸ் இருந்தால் யாருக்கு என்று சோறு போடுவது?

பன்னிரண்டே கால் மணிக்குச் சித்தரஞ்சன் வந்தார். கூடவே உதவியாளர் நித்யா, கேமராக்காரர்கள் இருவர். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மட்டும் எங்கள் கூடத்துக்குள் தூய காட்சியை நிறுத்திவைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அவர் காலிக் கூடத்தில் தனியாகச் சாப்பிடுவதாகத்தானே போட்டோவில் விழும்.

வாசலில் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, சந்தனம் வைத்தேன். நித்யாவுக்கும் கேமராக்காரர்களுக்கும் ஒரு கிண்ணம். அவருக்கு இன்னொரு கிண்ணம். விரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தேன். சுத்தம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு மணிக்கட்டை அவரே நீட்டினார். தாராளமாகவே தடவினேன்.

மனிதர் மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் நன்றாகத்தான் பழகினார். பந்தியில் எங்கள் காப்பகத்துப் பீர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு எந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார் என்று விசாரித்தார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். மை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிச் சமையல் பார்க்கும் கன்னியம்மாவிடம், "முட்டை வாரத்துக்கு எத்தனை நாள்மா?" என்று கேட்டார்.

"மூணு நாளு சார்."

"தூய காட்சி வர்றதுக்கு முன்னாடி?"

"முன்னாடி முட்டையே கெடையாது சார்."

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? நாங்க ஒரு சர்வே எடுத்தோம். ஜனங்களுக்கு உதவி பண்றதுல வருத்தமே இல்ல. பாக்கறதுதான் கஷ்டமா இருக்கு. காலைல ஆபீஸ் போறப்ப ஒரு குழந்தை பிளாட்பாரத்துல தூங்கறதப் பாத்தா நாள் பூரா மனசு சரியில்ல. அந்தக் குற்ற உணர்ச்சி கோபமா மாறுது, இவங்களை இங்கேருந்து தொரத்துங்கன்னு மனு போடறாங்க. கண்ணுல படலேன்னா கோபம் இல்ல. நன்கொடை நாலு மடங்கு ஆயிடுச்சு. இவங்களுக்கு ஃபேன், மெத்தை, முட்டை எல்லாம் எப்படி வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?"

"வந்துச்சு சார்," என்றேன். "ஒத்துக்கறேன்."

உண்மைதானே. மெத்தை வந்தது. மெத்தையில் படுத்திருக்கிற ஆள் போய்விட்டான், அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் இரண்டு வார்த்தை பேச எழுந்தார். கையில் பாயசக் கோப்பை. "இவர்களும் நம்மவர்களே" என்று தொடங்கி அழகாகப் பேசிக்கொண்டிருந்தபோது மணி ஒன்றடித்தது.

முதலில் கேமராக்காரர்கள் கேமராவைத் தாழ்த்தினார்கள். அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த நித்யா கண்ணை இரண்டு முறை சிமிட்டினாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"சார்?" என்றாள். "சார் எங்க போனார்?"

"இங்கதாம்மா நிக்கறேன்," என்றார் அவர். "என்ன, கண்ணுல வர்ற எழுத்தெல்லாம் அணைஞ்சிடுச்சு. நித்யா, என் லென்ஸ் போயிடுச்சுன்னு நெனைக்கறேன்."

நித்யா காதைத் தொட்டு யாரையோ கூப்பிட்டுப் பார்த்தாள். "சார் லைன்ல இல்ல. வேற மீட்டிங் இருக்குன்னார், கிளம்பிட்டாரோ?" என்று கேமராக்காரர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள். "மேடம், சார் போறதப் பாத்தீங்களா?"

அவர் அவளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தார். "நித்யா!" என்று அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். அவள் அம்புக்குக் கட்டுப்பட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"இப்பதாம்மா வாசப்பக்கம் போனாரு," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் வாசல் வரை ஓடிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கூடத்தில் தொண்ணூற்றிரண்டு பேரும் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு லென்ஸ் ஏது? எல்லோருக்கும் அவர் தெரிந்தார்.

பீர் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "சார், பாயசம் ஆறிப்போவுது. குடிச்சிடுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சித்தரஞ்சன் தன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தார். கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார்.

"சந்தனத்துலயா?"

"ஆமா சார்."

"மை ஏறினா லென்ஸ் அணைஞ்சிடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மை இருக்கறவங்ககிட்ட லென்ஸ் இருந்தா திருட்டு லென்ஸா இருக்கும்னு நாங்கதான் அப்படி வெச்சோம்." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரி. உங்களுக்கு என்மேல ஏதோ கோபம். இதை எடுத்துடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எடுக்கற அதிகாரம் எனக்கு இல்லையே சார். விதி பதினேழு. குடும்பத்துல ஒருத்தர் நேர்ல வரணும். அவருக்கு மை இருக்கக் கூடாது, முகவரி இருக்கணும். ஆளைக் கண்ணால பாத்து, இவர் எங்க ஆள்னு கையெழுத்துப் போடணும். போட்டா ஒரு மணி நேரத்துல பதிவு ரத்தாயிடும். விதியை எழுதினது யாரு சார்?"

"எங்க டீம்தான்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா குடும்பத்துல இருக்கறவங்க லென்ஸ் போட்டிருப்பாங்களே. அவங்களால பாக்க முடியாதே."

"முடியாது சார். மூணு வருஷத்துல இங்கேருந்து ஒருத்தர்கூட வெளிய போனதில்ல. உங்க ஆபீஸ்ல யாருமே கவனிக்கலையா?"

"யாரும் புகார் குடுக்கலையே," என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. யார் கொடுத்திருப்பார்கள், யார் காதில் விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் அவரை என் மேசைக்குக் கூட்டிப்போய்ப் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் எண்ணைக் காட்டினேன். எமிலியின் எண். அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"என் தங்கச்சி. வயசு முப்பத்தொண்ணு. சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே, பஸ் ஸ்டாப் பக்கத்துல, ஒருத்தன் காரை ரிவர்ஸ் எடுத்தான். அவன் கண்ணுக்கு ரோடு காலியா இருந்துச்சு. காரோட கேமராவுக்கும் காலியா இருந்துச்சு. கத்தினா சார். யார் காதுக்கு எட்டும்? போலீஸ் பேப்பர்ல என்ன எழுதினாங்க தெரியுமா? 'பார்வைக்கு உட்படாத தடை ஒன்றின் மீது வாகனம் மோதியது.' தடை. என் எமிலி உங்களுக்குத் தடை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியாது," என்றார்.

"அதுக்குத்தானே சார் அதைச் செஞ்சீங்க. தெரியாம இருக்கறதுக்கு."

மறுநாள் காலையில் அவர் திருவான்மியூருக்கு, தன் வீட்டுக்கு, நடந்தே கிளம்பினார். மூன்றாம் நாள் காவல் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் காவலர்களுக்கும் என்னைப் போலவே லென்ஸ் கிடையாது. மை உள்ளவர்களைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. தான் யார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். "எல்லாரும் வீடு இருக்கு, பங்களா இருக்குன்னுதான் சொல்றாங்க மேடம்," என்று ஒரு காவலர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

வீட்டுக் கதவு திறக்கவில்லையாம். மனைவி தமயந்தி வெளியே வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறியிருக்கிறாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையைப் பிடித்திருக்கிறார். பூரான் ஊர்ந்தது போல அவள் உதறிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அடுத்த ஐந்தாம் நிமிடம் காவல் வண்டி. மை உள்ளவர்கள் மற்றவர்களைத் தொட்டால் லென்ஸ் தானாகவே புகார் கொடுத்துவிடும். அதுவும் அவர் டீம் வைத்ததுதான்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டேன். எங்கே நின்றீர்கள், அவள் முகம் எப்படி இருந்தது, நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவர் அழுதார். எனக்குப் பசி எடுத்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அவருக்கு நாற்பத்தொன்றாம் எண் மெத்தையைக் கொடுத்தேன். முட்டை நாளில் முட்டையும் கொடுத்தேன். சட்டப்படி ஒரு குறையும் வைக்கவில்லை.

கன்னியம்மாதான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மேடம், அந்த ஆளு எங்கையில சத்தியம் பண்ணிக்கீறான். வீட்டுக்குப் போனா மொதோ வேலையா அந்தத் தூய காட்சிய நிறுத்திடுவானாம். அவனால முடியுமாம். அவன் பொண்டாட்டி வந்தா அனுப்பி வுட்ருங்க."

"போனா நிறுத்துவார்னு நீ நம்பறியா?"

"நம்பல. ஆனா எம்பொண்ணு அடுத்த தெருவுல துணிக்கடையில வேலைல கீறா. மூணு வருசமா கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்துனு வரேன். அவ என்னை ஒரு தபா பாத்தா போதும். இவன் நிறுத்தறதுக்கு நூத்துல ஒரு பங்கு இருந்தாக்கூட எனக்கு வேணும் மேடம்."

நான் யோசிக்கிறேன் என்று சொன்னேன். பொய். அவர் எல்லாவற்றையும் நிறுத்துவதைவிட, அவர் இங்கே கிடந்து கத்துவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

விருந்து நடந்து எட்டாம் நாள், காலை பத்து மணிக்குத் தமயந்தி வந்தாள். பல் டாக்டர். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கையில் சாப்பாட்டு டோக்கன் ஒன்று. அதன் பின்பக்கத்தில் சித்தரஞ்சன் எழுதி, வீட்டுக் கேட்டுக்குள் போட்டுவிட்டு வந்திருந்த சீட்டு. 'தமா, இராயபுரம் காப்பகத்தில் இருக்கிறேன். மை.' அவ்வளவுதான் எழுத இடம் இருந்திருக்கிறது.

"இது அவர் கையெழுத்து," என்றாள். "போலீஸ் யாரோ கடத்தியிருக்காங்கன்னு சொல்றாங்க. நீங்கதான் கடைசியா அவரைப் பாத்ததா நித்யா சொன்னா."

சித்தரஞ்சன் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றார். தொடப் பயம். தொட்டால் காவல் வண்டி வந்துவிடுமே. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தமா, தமா" என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இல்லைங்க," என்றேன்.

அவர் என் காலில் விழுந்தார். பெரிய படிப்புப் படித்த மனிதர், சிமெண்டுத் தரையில் நெற்றி படும்படி விழுந்தார். தமயந்திக்கு என் கால்தான் தெரிந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டதையும் பார்த்துவிட்டாள்.

"அவர் இங்கதான் இருக்கார், இல்ல?" என்றாள் மெதுவாக. "தான் செஞ்சதுக்குள்ளயே மாட்டிக்கிட்டார். வெறும் திரைச்சீலை மாதிரிதான் தமா அதுன்னு எங்கிட்ட சொன்னார். திரைக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு நானும் கேட்டதில்ல." காலியாகத் தெரிந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போக மாட்டேன். அவரைப் பாக்க என்ன வழின்னு சொல்லுங்க."

"லென்ஸை எடுக்கச் சொல்லுங்க!" என்று சித்தரஞ்சன் கத்தினார். "மேடம், கண் ஆஸ்பத்திரியில எடுத்துடலாம். ஒரே வாரம். எடுத்தா என்னைப் பாப்பா, கையெழுத்துப் போடுவா. அதை மட்டும் சொல்லுங்க மேடம்!"

கன்னியம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். "சொல்லு மேடம்," என்றாள். "எனக்காக சொல்லு."

என் கண்ணுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. நேர்வழியைச் சொன்னால் ஒரு வாரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். எட்டு நாள் பட்டது ஒரு கெட்ட கனவு போல மறந்துபோகும். என் எமிலி மட்டும் பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே கிடப்பாள்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றேன். "மை வெச்சுக்கிட்டா உங்க லென்ஸ் அணைஞ்சிடும். அவரைப் பாக்கலாம். ஆனா அப்புறம் உங்களையும் யாரும் பாக்க மாட்டாங்க. வீடு திறக்காது. கிளினிக் திறக்காது. உங்களை மீட்டுக்கிட்டுப் போகவும் ஆள் கிடையாது. நல்லா யோசிச்சுக்குங்க."

பயந்து எழுந்து போய்விடுவாள் என்றுதான் சொன்னேன். அவள் எழுந்து போவதை அவர் தன் கண்ணால் பார்க்கவேண்டும். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

"வேண்டாம்! தமா, வேண்டாம்! பொய் சொல்றாங்க!"

அவள் யோசிக்கவே இல்லை. வாட்சைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினாள்.

அந்தக் கையை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. இவள் எப்படி இவ்வளவு சுலபமாக நீட்டுகிறாள் என்று கோபம் கோபமாக வந்தது. ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்த மையை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். பீர் பாய் அவரைப் பிடித்துக்கொண்டார். வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கன்னியம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். சோறு அடிப்பிடிக்கும் வாடை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தமயந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முதலில் அவள் பார்த்தது அவரை அல்ல. சுவரோரமாக, ஜன்னலோரமாக, தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்தாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு பேரா?" என்றாள். பிறகு எழுந்தாள். சித்தரஞ்சன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

நான் ஆசைப்பட்ட அறைதான் அது. என்ன காரணமோ, எனக்கு அது போதவில்லை.

அறைந்த கையாலேயே அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அவர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"லென்ஸை எடுக்க முடியுமா?"

"முடியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கும் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அவர் இங்கயே கிடக்கணும்னு," என்றேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை. "எட்டு நாள் எனக்குப் பத்தல. என் தங்கச்சி செத்துட்டா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் திட்டவில்லை. நோயாளியிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"நீங்க எப்ப எடுத்தீங்க?"



"எமிலி செத்துப் பதினோராம் நாள்."

"அப்ப அவங்க உசுரோட இருந்தப்ப?"

பீர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மட்டும் தெரியும்.

நான் அப்போது இந்தக் காப்பக வேலைக்கு வரவில்லை, பதிவு அலுவலகத்தில் கவுண்டரில் இருந்தேன். புருஷன் விட்டுவிட்டுப் போன எமிலியை என் வீட்டில் வைத்துக்கொள்ள என் மாமியார் சம்மதிக்கவில்லை. நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஒரு மாதம் காப்பகத்தில் இரு, நான் வேறு வீடு பார்க்கிறேன் என்று சொல்லி நானே அவள் மணிக்கட்டில் மை வைத்தேன். ஒரு மாதம் ஏழு மாதமாகிவிட்டது. நல்ல மெத்தை, நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது. இதையெல்லாம் நின்ற இடத்திலேயே அவளிடம் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"தெனம் சாயங்காலம் என் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாளாம்," என்றேன். "பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கூடவே பேசிக்கிட்டு வருவாளாம். பீர் பாய்தான் பின்னாடி சொன்னாரு. எனக்கு ஒதுங்கச் சொல்லி அம்பு வரும். நான் ஒதுங்கிப்பேன்."

கையில் இன்னும் இருந்த ரப்பர் உறையைக் கழற்றினேன்.

"அன்னிக்கும் வந்திருக்கா. பின்னாடி டமால்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். ரோடு காலியா இருந்துச்சு. பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்."